கைப்பிரதிக் கட்டும் மூஸ் கிராமத்து வாத்தியாரும்

மெயின்லேண்டிலிருந்து யாராவது போன் செய்து, "அந்தமானுக்கு ஊழியத்துக்கு வரலாம்னு இருக்கேன்" என்றால் நான் கேட்கிற முதல் கேள்வி, "எந்தத் தீவுக்கு?" என்பதுதான். இங்கே நினைத்த தீவில் நினைத்தபடி ஏறி இறங்க முடியாது. நிக்கோபாருக்குப் போக வேண்டுமென்றால் இந்தியக் குடிமகனாகவே இருந்தாலும் பாஸ் வாங்க வேண்டும். வடக்கு சென்டினல் தீவை ஐந்து கடல் மைல் தூரத்துக்குள் நெருங்கவே கூடாது. 1956-ல் வந்த பழங்குடிகள் பாதுகாப்புச் சட்டம் அப்படி. இதைச் சொன்னதும் பலபேர் "ஜெபிச்சுட்டுச் சொல்றேன் பிரதர்" என்று போனை வைத்துவிடுவார்கள். ஜெபித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டவர்கள் குறைவு.

எங்கள் சித்தி மகன் அப்படி வைக்கிற ரகம் இல்லை. டிக்கெட் எடுத்து, கப்பலில் மூன்று நாள் வாந்தியெடுத்து, ஒருவழியாகப் போர்ட் பிளேர் வந்து சேர்ந்தான். (2024-லிருந்து ஸ்ரீ விஜயபுரம். எழுத்தில் மாற்றிக்கொண்டோம், வாயில் இன்னும் வரவில்லை.) பெட்டியில் பாதி துணி, பாதி நற்செய்திக் கைப்பிரதி. தமிழ் ஒரு கட்டு, இந்தி ஒரு கட்டு. கார் நிக்கோபார் போய்க் கொடுக்க வேண்டுமாம். பாஸ் கிடைக்கவில்லை. கிடைக்காது என்று எனக்குத் தெரியும். அவனுக்கு நேரில் போய்க் கேட்டால்தான் திருப்தி. "சரிண்ணே, இங்கேயே யாராவது நிக்கோபார்காரங்க இருப்பாங்கல்ல?" என்றான்.

இருந்தார்கள், பக்கத்துப் போர்ஷனிலேயே. வைத்தியத்துக்காகப் பேத்தியோடு வந்து தங்கியிருந்த ஒரு நிக்கோபாரி பாட்டி. தம்பி போய் இந்திக் கைப்பிரதி ஒன்றை நீட்டினான். பாட்டி மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தார். பிறகு தலைமாட்டிலிருந்த வேதாகமத்தைத் திறந்து அதற்குள் வைத்தார். வேதாகமம் அவருடைய மொழியில், ரோமன் எழுத்தில் அச்சிட்டது. முதுகு பிய்ந்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த ஊர் பேட்டா?"

"மெட்ராஸ் பக்கம்."

"எங்க தீவுக்கு முதல்ல வந்த மாஸ்டரும் மெட்ராஸ்காரர்தான்" என்றார் பாட்டி. அதோடு பேச்சு முடிந்து சாப்பாட்டுக்குப் போய்விட்டது. பன்றிக்கறி. தம்பியின் முகம் போன போக்கைப் பார்த்து, யோப்பா பட்டணத்து மாடியில் பேதுரு கண்ட தரிசனத்தை நான்தான் காதோரம் ஞாபகப்படுத்தினேன். இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டான்.

பாட்டி சொன்ன மாஸ்டரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அவர் பெயர் வேதப்பன் சாலமோன். 1890-களின் நடுவில் கார் நிக்கோபாரின் வடகோடியில் உள்ள மூஸ் கிராமத்துக்கு வந்தவர். மதராஸ் மாகாணத்துக் கிறிஸ்தவர், உபதேசியார். நம் பக்கத்தில் உபதேசியார் என்றால் யாரென்று சொல்லத் தேவையில்லை. பாதிரியார் ஐயர் வருகிற ஞாயிறு போக மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்தி, வாரநாளில் பள்ளிக்கூடம் நடத்தி, கோயில் மணியும் அடிக்கிறவர். சம்பளம் குறைவு, வேலை எல்லாமும். மூஸில் சாலமோனுக்கு அதற்கு மேலும் இருந்தது. அவர் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் ஏஜென்ட். தேங்காய் ஏற்ற வருகிற வெளியூர்க் கப்பல்களின் லைசென்ஸைப் பார்க்க வேண்டும், வானிலைக் குறிப்பு எழுத வேண்டும், ஊருக்குள் கொலை நடந்தால் போர்ட் பிளேருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். இதற்கு நடுவே பையன்களைச் சேர்த்து வைத்து அ, ஆ சொல்லிக் கொடுக்க வேண்டும். 1901-ல் அமெரிக்கர் அபட்டின் 'டெர்ராபின்' என்ற பாய்மரக் கப்பலில் வந்த போடன் கிளாஸ் என்ற ஆங்கிலேயர், தன் பயணநூலில் இவரைச் சந்தித்ததை எழுதியிருக்கிறார்.

ஆனால் சாலமோனைப் பற்றித் தெரிந்துகொள்ள வெள்ளைக்காரர் எழுதியதுவரை போக வேண்டியதில்லை. அவரே நாட்குறிப்பு எழுதினார். அதன் பகுதிகள் 1902-ல் லண்டன் மானிடவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தன. ஒரு தமிழ் உபதேசியார் தீவில் உட்கார்ந்து எழுதிய டைரி லண்டன் அறிஞர்களுக்குப் பாடமாகியிருக்கிறது. நம் சபை வரலாற்றுப் புத்தகங்களில் மிஷனரிகள் பெயர் வரிசையாக வரும். இவர் பெயரைத் தேடிப் பாருங்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

சாலமோனுக்கு முன்னால் நிக்கோபாருக்கு யாரும் வராமலில்லை. கதையின் முன்பாதி நம்ம தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1760-ல் மொரேவியன் சகோதரர்கள் என்ற ஜெர்மானியக் கூட்டம் அங்கே வந்து குடியேறியது. அவர்கள் குறியே நிக்கோபார்தான். 1768-ல் அந்தத் தீவுகளில் ஒன்றான நன்கௌரிக்குப் போய் வீடு கட்டினார்கள். பீரங்கியோடு வந்தவர்கள் இல்லை. தங்கள் கைவேலையால் பிழைத்துக்கொண்டு ஊராரோடு வாழ வேண்டும் என்று வந்த நல்ல மனிதர்கள். அவர்களில் ஹென்சல் என்பவர் செலவுக்காகக் கடற்சங்கு, பாம்பு எல்லாம் பிடித்துப் பதப்படுத்தி விற்றிருக்கிறார். ஆனால் காய்ச்சல் விடவில்லை, மொழியும் வசப்படவில்லை. பலரைப் பறிகொடுத்துவிட்டு 1787-ல் மூட்டை கட்டினார்கள். ஞானஸ்நானம் பெற்றவர் ஒருவர்கூட இல்லை.

இன்னொரு கதை அந்தமானில் நடந்தது. அது நல்ல கதை இல்லை. 1863-ல் கார்பின் என்ற பாதிரியார் ராஸ் தீவில் அந்தமான் பழங்குடிகளுக்காக 'இல்லம்' தொடங்கினார். நாகரிகம் கற்றுத்தரும் இடம் என்று பெயர். இஷ்டப்பட்டபோது வெளியே போக முடியாத இடத்துக்கு இல்லம் என்ற பெயர் பொருந்துமா என்று நீங்களே சொல்லுங்கள். வெளியார் தொடர்பால் நோய்கள் வந்தன, 1877-ல் தட்டம்மை ஊர் ஊராக வாரிக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர்கள் 1901 கணக்கெடுப்பில் 625 பேர், 1961-ல் 19 பேர். இன்று டூரிஸ்டுகள் ராஸ் தீவில் ஆலமர வேர் பிடித்த சர்ச் சுவரின் முன் நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். அந்த இல்லத்தைப் பற்றி கைடுகள் அதிகம் சொல்வதில்லை.

சாலமோன் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது பிரசங்கம் இல்லை, பள்ளிக்கூடம். அதிலும் ஒரு பையன். மூஸ் கிராமத்தில் ஹா சேவ் கா என்று பிறந்து ஜான் ரிச்சர்ட்சன் ஆனவர். அவரைப் பர்மாவில், மாந்தளையில் உள்ள மிஷன் பள்ளிக்குப் படிக்க அனுப்பினார் சாலமோன். ரிச்சர்ட்சன் 1912-ல் தீவுக்குத் திரும்பினார். பர்மாவிலேயே ஒரு உத்தியோகம் பார்த்து உட்கார்ந்திருக்கலாம். திரும்பி வந்து வாத்தியார் வேலை பார்த்தார். பிள்ளைகளுக்குப் படிக்கத் தன் மொழியில் புத்தகம் இல்லை என்று பாலபாடம் எழுதினார். பாட்டு எழுதினார். தீவுக்குக் கால்பந்து வந்ததும் அவரால்தான் என்பார்கள். வேதாகமத்தை மொழிபெயர்க்கும் வேலை அவர் வாழ்நாள் முழுக்க நடந்தது. பாட்டியின் தலைமாட்டில் பிளாஸ்டர் ஒட்டி இருந்தது அதன் பிரதிதான்.

திரும்பி வந்ததும் தீவு முழுக்க அவர் பின்னால் வந்துவிடவில்லை. வருஷக்கணக்கில் சபை சின்னதாகவே இருந்தது. அவரும் ஊரைப் பகைத்துக்கொள்ளவில்லை. பல தலைமுறை ஒன்றாக வாழும் 'துஹெத்' என்ற கூட்டுக்குடும்பம், பொதுச்சொத்து, ஊர் கேப்டன் சொல்லுக்குக் கட்டுப்படுவது, பன்றி விருந்து, ஓடப்போட்டி, இதெல்லாம் கிறிஸ்தவம் வந்த பின்னும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. பேயோட்டும் பெயரில் மனிதனைக் கொல்வது நின்றது. பன்றி விருந்து நிற்கவில்லை. எதை விடச் சொல்ல வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று அந்த ஊரிலேயே பிறந்தவனுக்குத்தான் தெரியும்.

அப்புறம் யுத்தம் வந்தது. 1942-ல் ஜப்பானியர்கள் தீவுகளைப் பிடித்தார்கள். கார் நிக்கோபாரில் விமான ஓடுதளம் போட ஊர்க்காரர்களை அடித்து வேலை வாங்கினார்கள். 1945 ஜூலையில் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து குண்டு போட்டதும், உள்ளூர்க்காரர்கள்தான் துப்புக் கொடுத்தார்கள் என்று சந்தேகப்பட்டுப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள், பலரைக் கொன்றார்கள். 1946-ல் சிங்கப்பூரில் இதற்காகப் போர்க்குற்ற விசாரணையே நடந்தது. ரிச்சர்ட்சன் தன் மகனைப் பறிகொடுத்தார். அவரும் கொல்லப்பட இருந்தவர்கள் பட்டியலில் இருந்தார், யுத்தம் முடிந்ததால் பிழைத்தார்.

கார் நிக்கோபார் பெருமளவில் கிறிஸ்தவத்துக்கு வந்தது இதற்குப் பிறகுதான். நான் இதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு மனுஷன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு ஊரிலேயே இருக்கிறான். அடி வாங்கும்போதும் கூட இருக்கிறான், மகனைப் புதைக்கும்போதும் கூட இருக்கிறான், ஓடிப்போகவில்லை. அதன்பிறகு அவன் வாயைத் திறந்து சொல்கிற வார்த்தைக்கு எடை வந்துவிடுகிறது. 1950-ல் அவர் பிஷப் ஆனார். 1952-ல் முதல் லோக்சபாவில் அந்தமான் நிக்கோபாரின் நியமன உறுப்பினர். 1965-ல் பத்மஸ்ரீ, 1975-ல் பத்மபூஷண், 1978-ல் மறைவு. இன்று நிக்கோபார் மாவட்டத்தில் பத்துப் பேரில் ஏழு பேர் கிறிஸ்தவர்கள்.

இந்தக் கதையை நான் கடையில் உட்கார்ந்து சொல்லும்போதெல்லாம் குறுக்கே பேச ஒருவர் உண்டு. முருகன் கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிறவர், பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுக்கிறவர், என் இருபது வருஷச் சிநேகிதர்.

"அண்ணாச்சி, உங்க சாலமோன் வாத்தியார் சும்மா வாத்தியாரா? சர்க்கார் ஏஜென்ட். கையில அதிகாரம். அவரு சொன்னா அந்த ஜனங்க கேக்காம என்ன செய்வாங்க?"

நியாயமான கேள்வி. பிரிட்டிஷ் கொடி பறக்கிற இடத்தில் உட்கார்ந்து கொடுக்கிற பாடம் வெறும் பாடமாக மட்டும் இருக்க முடியாது. நான் சொல்லும் பதில் ஒன்றுதான். அதிகாரத்துக்குப் பயந்து வந்திருந்தால் சாலமோன் காலத்திலேயே கூட்டம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொடி மாறி, ஜப்பான்காரன் வந்து, ஏஜென்ட் உத்தியோகமே இல்லாமல் போன பின்புதான் வந்தது. சிநேகிதர் இதை முழுசாக ஒப்புக்கொள்ளவில்லை. "அது வேற, இது வேற" என்பார். டீ வந்துவிடும்.

ஆனால் அவரிடமிருந்து நான் கேட்ட ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2004 சுனாமி. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கார் நிக்கோபார் மேசை மாதிரி தட்டையான தீவு. கரையோர ஊர்கள் துடைத்துப் போயின. கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்காக 1970-களில் இலங்கையிலிருந்து கொண்டுவந்து குடிவைத்த நம் தமிழ்க் குடும்பங்களும் அடிபட்டன. பிழைத்தவர்களை விமானத்திலும் கப்பலிலும் போர்ட் பிளேருக்குக் கொண்டுவந்து பள்ளிக்கூடங்களில் முகாம் போட்டார்கள். கோயில்காரர், பள்ளிவாசல்காரர், சர்ச்காரர் எல்லோரும் அண்டா தூக்கிக்கொண்டு போனோம். சிநேகிதர் சாம்பார் வாளியோடு பந்தியில் நின்றார்.

"முதல் ஆளுக்குத் தட்டுல சோறு போட்டேன் அண்ணாச்சி. அவன் சாப்பிடல. பின்னால குடுத்தான். அடுத்தவனும் பின்னால குடுத்தான். தட்டு போய்க்கிட்டே இருக்கு. எனக்குக் கோபம் வந்திருச்சு, சோறு பிடிக்கலையோன்னு. எட்டிப் பார்த்தா கடைசியில ஒரு கிழவி, ரெண்டு சின்னப் பிள்ளைக. அதுக கையில தட்டு போனப்புறம்தான் முன்னால நின்னவன் எனக்குத் தட்டு நீட்டுறான். ரெண்டு நாளா சாப்பிடாத பயலுக."

அவர் அதைச் சொல்லும்போது, அவர்கள் எந்த மதம் என்றெல்லாம் பேசவில்லை. அந்தப் பழக்கம் துஹெத்திலிருந்து வந்ததா, சர்ச்சிலிருந்து வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்கத் தேவையும் இல்லை. ஆனால் இருபது வருஷமாக அவர் மறக்காத சாட்சி அதுதான். நான் அவரிடம் பேசிய பேச்செல்லாம் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

இதை எழுதும்போது 2018 நவம்பரும் ஞாபகத்துக்கு வருகிறது. ஜான் ஆலன் சாவ், 26 வயது அமெரிக்கப் பையன். மீனவர்களுக்குப் பணம் கொடுத்து, இரவோடு இரவாக வடக்கு சென்டினலுக்குப் போனான். பரிசுப் பொருளோடு கயாக்கில் கரைக்குப் போய் இயேசுவின் பெயரைச் சத்தமாகச் சொன்னான் என்று அவன் எழுதி வைத்த குறிப்பிலேயே இருக்கிறது. அம்பு விட்டார்கள். மறுபடி போனான். கொல்லப்பட்டான். உடல் இன்றும் அந்தத் தீவில்தான். அழைத்துப் போன மீனவர்கள் உட்பட ஏழு பேர் கைதானார்கள்.

அப்போது எங்கள் சபைகளிலேயே இரண்டு கட்சி. இரத்தசாட்சி என்று சிலர், முட்டாள்தனம் என்று சிலர். அந்தப் பையனின் தைரியத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவனைப் பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இரத்தசாட்சி என்ற வார்த்தையை இதற்குக் கொடுக்க எனக்கு மனமில்லை. ஒரு சளிக் காய்ச்சல் போதும், அந்தத் தீவே காலியாகிவிடும். கிரேட் அந்தமானியர்களுக்கு நடந்தது நம் கண்முன்னால் இருக்கிறது. மொழி தெரியாது, உறவு கிடையாது, வராதே என்று அவர்கள் அம்பாலேயே சொல்லிவிட்டார்கள். நற்செய்தி கேட்கிறவனுக்கு அதை மறுக்கும் உரிமையும் உண்டு. கதவைத் தட்டலாம் என்றுதான் வெளிப்படுத்தின விசேஷமும் சொல்கிறது, உடைக்கச் சொல்லவில்லை.

தம்பி இதைக் கேட்டுவிட்டு, "அப்போ வாயே திறக்கக் கூடாதாண்ணே?" என்றான். அப்படி யார் சொன்னது? ரிச்சர்ட்சன் வாயைத் திறந்தார், எழுதினார், பிஷப்பாகப் பிரசங்கமும் செய்தார். யாராவது கேட்டால் தெளிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். என் கஷ்டம் வேறு. அபர்தீன் பஜாரில் கடை வைத்திருக்கிறவன் நான். எடை சரியாக இருக்கிறதா, கடன் கொடுத்தவனிடம் எப்படிப் பேசுகிறேன், கடைப்பையனுக்குச் சம்பளம் ஒன்றாம் தேதி கொடுக்கிறேனா, கப்பல் வராமல் சரக்குத் தட்டுப்படும் புயல் நாட்களில் வெங்காயத்துக்கு என்ன விலை வைக்கிறேன், இதையெல்லாம் தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. விலையை ஏற்றி விற்றுவிட்டு பில்லோடு கைப்பிரதியையும் சேர்த்துக் கொடுத்தால் அதை எதில் மடித்துப் போடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இந்தத் தீவுகளில் கிறிஸ்தவம் பெரும்பாலும் இப்படி வேலைக்கு வந்தவர்களோடுதான் வந்தது. 1918-லிருந்து காட்டு வேலைக்குக் கூட்டிவரப்பட்ட ராஞ்சிக்காரர்கள், சோட்டா நாக்பூர் ஆதிவாசிகள், தங்கள் சபையையும் ஜெபத்தையும் சேர்த்துத்தான் கொண்டுவந்தார்கள். மரம் வெட்டி ரோடு போட்டவர்கள் அவர்கள். 1925-ல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள் மாயாபந்தர் பக்கம் வேபியில் ஊர் அமைத்தார்கள். அவர்கள் பாப்டிஸ்டுகள். ஓடத்துக்குப் பேர்போனவர்கள். யாரும் மிஷனரி என்று பெயர்ப்பலகை மாட்டவில்லை. ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிற நர்ஸ், தீவுப் பள்ளிக்கு மாற்றலாகி அழுதுகொண்டே போய் ஓய்வுபெறும்வரை அங்கேயே இருந்துவிட்ட டீச்சர், இவர்களில் எத்தனையோ பேர் நம் திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துப் பிள்ளைகள்.

தம்பி ஊருக்குத் திரும்புவதற்குள், பாட்டியின் பேத்திக்கு கணக்குச் சொல்லிக் கொடுக்க ஆரம்பித்திருந்தான். அவன் எம்.எஸ்சி. மேத்ஸ், அதை எங்களிடம்கூட ஒழுங்காகச் சொன்னதில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை. இப்போதும் வாட்ஸ்அப்பில் இன்டெக்ரேஷன் கணக்கு போகிறது, வருகிறது. கைப்பிரதிக் கட்டு என் கடை பரணில் இருக்கிறது. வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் தாத்தா, பெரியம்மா, அத்தை யாராவது இந்தத் தீவுகளில் வாத்தியாராகவோ, நர்ஸாகவோ, உபதேசியாராகவோ வேலை பார்த்திருந்தால், அவர்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், பழைய போட்டோக்கள், டைரிகள் டிரங்குப் பெட்டியில் கிடக்கலாம். பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். போனில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பெயரில்லாமல் வெளியிடச் சொன்னால் அப்படியே செய்கிறேன். சாலமோனின் டைரி லண்டனில் அச்சானதால்தான் அவர் மூஸில் என்ன செய்தார் என்று இன்று நமக்குத் தெரிகிறது. மற்றவர்களுடையது நம் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது.